என் டாஷ்போர்டில் மச்சான் வண்டியின் காற்று

போன வியாழக்கிழமை காலை பதினொன்று இருபதுக்கு என் கார் டாஷ்போர்டில் ஒரு லைட் அணைந்தது.

இதெல்லாம் ஒரு செய்தியா என்று கேட்பீர்கள். மூன்று மாதம் எட்டு நாள் விடாமல் எரிந்த லைட் அது! பிறை மாதிரி வளைந்த ஒரு படம், நடுவில் ஓர் ஆச்சரியக்குறி. டயரில் காற்று விஷயம் சரியில்லை என்று வண்டி நமக்குச் சொல்கிற அடையாளம்.

அது எரிந்த கதையை இத்தனை வாரமாக இந்தப் பத்திரிகைப் பக்கத்தில் உங்களுக்கு எழுத முடியாமல் அடக்கி வைத்திருந்தேன். எழுதியிருந்தால் ஒரு கல்யாணம் நின்றிருக்கும்.

இப்போது கல்யாணம் முடிந்துவிட்டது. லைட்டும் அணைந்துவிட்டது. இனி சொல்லலாம்.

என் மனைவி சாந்தியின் அண்ணன் நைனார்பாளையத்தில் இருக்கிறார். கரும்பு, மக்காச்சோளம், கொஞ்சம் மரவள்ளி. எனக்கு மச்சான். இரண்டு பேரிடமும் இருப்பது ஒரே கம்பெனி, ஒரே மாடல், ஒரே வெள்ளை நிறக் கார். ஒரே ஒரு வித்தியாசம் — என்னுடையது விலை கூடின ரகம், பளபளவென்று அலுமினிய மேக் வீல். அவருடையது விலை குறைந்த ரகம், கறுப்பு இரும்பு வீல், அதன்மேல் பிளாஸ்டிக் வீல் கப். நான்கு கப்பில் ஒன்று போன மழைக்காலத்தில் சின்னசேலம் ரோட்டில் கழன்று, தன் வழியைப் பார்த்துக்கொண்டு உருண்டு போய்விட்டது.

மச்சானின் மகள் கயல்விழிக்கு ஒரு வரன் வந்தது. பையன் மாட்டு டாக்டர். கல்வராயன் மலை மேலே, வெள்ளிமலையில் வேலை. அப்பா அம்மாவும் அவரோடு அங்கேயே இருக்கிறார்கள். வந்து பெண் பார்த்தார்கள், பிடித்திருக்கிறது என்று சொல்லிவிட்டார்கள். அடுத்து, பெண் வீட்டார் போய்ப் பையன் வீட்டைப் பார்க்க வேண்டும். பெண்ணும் கூட வரட்டும் என்று அவர்களே சொல்லியிருந்தார்கள்.

எங்கள் பக்கத்தில் அப்படிப் போகிறவர்கள் உட்கார்ந்த உடனே சாப்பிட்டுவிட மாட்டார்கள். எல்லாம் திருப்தியாக இருந்தால்தான் அந்த வீட்டில் கை நனைப்பார்கள். கை நனைத்தால் சம்மதம். "வயிறு ஒரு மாதிரியா இருக்குதுங்க" என்று எழுந்துவிட்டால்... கதை முடிந்தது.

ஞாயிற்றுக்கிழமை பயணம். சனிக்கிழமை சாயங்காலமே மச்சான், மகளையும் சாந்தியின் அண்ணியையும் கூட்டிக்கொண்டு கள்ளக்குறிச்சிக்கு எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார். காப்பி டம்ளரைக் கீழே வைப்பதற்குள் விஷயத்துக்கு வந்தார்.

"மாப்ள, உங்க மேக் வீல ஒரே ஒரு நாளைக்குக் குடுங்க. பையன் வூட்டு வாசல்ல போய் நிக்கும்போது வண்டி எடுப்பா இருக்க வேணாமா?"

"ஒரு வீல் கப் வாங்கி மாட்டினா போதுமே மச்சான்?"

"மூணு பழசு, ஒண்ணு புதுசா? நேத்துதான் வாங்கி மாட்டிக்கினு வந்துகிறான்னு பாத்தவொடன தெரிஞ்சிடாது?"

வாங்கின கப் கௌரவக் குறைவு. இரவல் வீல் கௌரவம்.

துருகம் ரோட்டில் ஜாபர் பாயின் டயர் கடைக்கு இரண்டு வண்டியையும் ஓட்டிப்போனோம். என் காருக்குப் பத்து வருஷமாக அவர்தான் வைத்தியர். என் வீலைக் கழற்றும்போதே சொன்னார்:

"சார், இந்த மேக் வீலு ஒவ்வொண்ணுக்குள்ளயும் ஒரு சென்சார் கீது. காத்து எவ்ளோ கீதுன்னு உங்க வண்டிக்குச் சொல்லிக்கினே இருக்கும். அவுரு இரும்பு வீல்ல அது கெடையாது. அதனால உங்க வண்டில லைட்டு எரியும், நம்பர் வராது. பயந்துடாதீங்க. வீலு திரும்பி வந்தா சரியாப் பூடும்."

"மச்சான் வண்டியில லைட் எரியுமா?"

"அந்த வண்டிக்குக் காதே கெடையாது சார். வீலு பாட்டுக்குப் பேசிக்கினு கெடக்கும்."

கூடவே இன்னொன்றும் செய்தார். "முன்னாடி டயரு ரெண்டும் கொஞ்சம் ஜாஸ்தி தேஞ்சிருக்கு. எடம் மாத்திப் போட்டுடறேன்" என்று, குறுக்கும் நெடுக்குமாக மாற்றி மச்சான் வண்டியில் மாட்டினார். எது எங்கே போனது என்று நான் என் வண்டி நோட்டில் குறித்துக்கொண்டேன். அந்த நோட்டைப் பற்றி இதே பக்கத்தில் முன்பே எழுதியிருக்கிறேன். வண்டி வாங்கிய நாளிலிருந்து பெட்ரோல், காற்று, பஞ்சர், போன ஊர், வந்த நேரம் எல்லாம் தேதியோடு அதில் இருக்கிறது. கடைசிக் கட்டத்துக்குத் தலைப்பு, 'வழியில் தடங்கல்'.

"வீலுக்கெல்லாம் ஜாதகம் எழுதறாரு பாரு" என்றார் மச்சான்.

அவர் வண்டி மாப்பிள்ளைக் கோலத்தில் ஜொலித்தது. என் வண்டி மூன்று கப்போடு நின்றது. எனக்கென்ன? என் வீட்டை யாரும் பார்க்க வரப்போவதில்லை.

ஜாதகம் என்றதும் நினைவுக்கு வருகிறது. மச்சானின் பலவீனம் சகுனம். பூனை, ஒற்றைத் தும்மல், எதிரே வரும் விறகுக் கட்டு எல்லாவற்றுக்கும் அவரிடம் அர்த்தம் உண்டு. போன வருஷம் களமருதூரில் கயலுக்கு ஒரு வரன். வீடு பார்க்கப் புறப்பட்டோம். தியாகதுருகம் தாண்டுவதற்குள் அவர் வண்டியின் டயர் வெடித்தது. ஸ்டெப்னியை மாட்டினார் — வண்டியை வந்த வழியே திருப்பிவிட்டார். "காத்து போச்சி மாப்ள. காரியமும் போச்சி." அவ்வளவுதான். அந்தப் பையனின் முகத்தைக்கூட நான் பார்க்கவில்லை.

வீல் மாற்றி வந்த சனிக்கிழமை இரவு, கயல் எங்கள் சமையலறையில் சாந்தியிடம் சொன்னது என் காதில் விழுந்தது.

"அத்த, எனக்கு இவரப் புடிச்சிருக்கு. வழில மட்டும் ஒண்ணும் ஆவாம இருக்கணும்."

கயல் ஊரில் ஒரு மருந்துக்கடையில் வேலை பார்க்கிற பெண். எதற்கும் பதறாதவள். அவள் குரலே கொஞ்சம் ஆடியது.

ஞாயிறு காலை ஆறு நாற்பதுக்கு, நான்கு எலுமிச்சம்பழத்தை நசுக்கிக்கொண்டு மச்சான் வண்டி புறப்பட்டது. அவர், அண்ணி, கயல். பின்னால் என் வண்டியில் நானும் சாந்தியும். மச்சான் காலியான ரோட்டில் பறந்தார். என் டாஷ்போர்டில் லைட் எரிந்தது. டயருக்கு ஒன்றாக நான்கு நம்பர் வரவேண்டிய இடத்தில் வெறும் கோடுகள். பாய் சொன்னது போலவே.

கச்சிராயபாளையம் கடைத்தெருவில் ஒரு பஸ் குறுக்கே நின்றது. மச்சான் வண்டியின் பின்னால் ஒட்டினாற்போல் நிறுத்தி நிறுத்தி நகர்ந்தேன். திடீரென்று கோடுகள் மறைந்து நம்பர் வந்தது!

முப்பத்திமூன்று, முப்பத்திமூன்று, முப்பத்திமூன்று. பின் இடது மட்டும் இருபத்தேழு.

"சாந்தி, நம்பர் வந்துடுச்சு!"

"வந்தா இன்னா, சோறு போடுமா? ரோட்டப் பாத்து ஓட்டுங்க."

இருபத்தேழு என்றால் குறைச்சல். நான் உடனே ஒரு பஞ்சர் கடை ஓரம் நிறுத்தினேன். கடைக்காரர் நான்கு வீலிலும் மீட்டரை வைத்துப் பார்த்தார்.

"நாலும் முப்பத்திரெண்டு சார்."

"பின்னாடி இடது பக்கம் இன்னொரு தடவை பாருங்களேன்."

"நாலு தபா பாத்தாலும் முப்பத்திரெண்டுதான். உங்களுக்கு வண்டி மேல சந்தேகமா, என் மீட்டர் மேல சந்தேகமா?"

திரும்பி வந்து பார்த்தால் மறுபடியும் கோடுகள். சாந்தி என்னைப் பார்த்த பார்வையை நோட்டில் குறிக்க முடியாது. நேரத்தை மட்டும் குறித்தேன்.

வேகமெடுத்து, கோமுகி அணைப் பக்கம் மச்சானைப் பிடித்தேன். நெருங்கினேன்... நம்பர் வந்தது. இப்போது இருபத்தைந்து! கொஞ்சம் பின்தங்கினேன். கோடு. மறுபடி நெருங்கினேன். இருபத்தைந்து.

நெருங்கினால் நம்பர். விலகினால் கோடு. மூன்றாவது தடவை நடந்தபோதுதான் மண்டையில் உறைத்தது. இரும்பு வீலில் சென்சாரே கிடையாதே! இல்லாத சென்சார் எப்படி நம்பர் சொல்லும்?

என் வண்டிக்குக் காது இருக்கிறது, பேசுகிற வீல் இல்லை. மச்சான் வண்டியில் பேசுகிற வீல் இருக்கிறது, காது இல்லை. நான் இத்தனை நேரம் படித்துக்கொண்டிருந்தது அவருடைய டயரை!

யோசித்துப் பார்த்தால் இதில் அதிசயப்பட ஒன்றுமில்லை. நம் வீட்டு டயரில் என்ன நடக்கிறது என்று நமக்கு எப்போது தெரிந்திருக்கிறது? பக்கத்து வீட்டில் இரண்டு பாயிண்ட் இறங்கினால் மட்டும் உடனே தெரிந்துவிடுகிறது.

ஆனால் அப்போது தத்துவம் பேச நேரமில்லை. மச்சான் வண்டியில் ஒரு டயர் இறங்கிக்கொண்டிருக்கிறது. இன்னும் கொஞ்ச தூரத்தில் மலை ஏற்றம், கொண்டை ஊசி வளைவுகள்.

சாந்திக்கு நான் சொல்லி முடிப்பதற்குள் புரிந்துவிட்டது. "அண்ணன்கிட்ட சொன்னா வண்டியத் திருப்பிடும்ங்க. அந்தப் பொண்ணு செத்துடுவா."

"சொல்லாம மலை ஏறவிட முடியுமா?"

"விட வேணாம். நிறுத்தலாம். நிறுத்தறதுக்கு ஒரு காரணம்தான வேணும்?"

போனை எடுத்தாள். "அண்ணா, அடிவாரத்துல முனீஸ்வரன் கோயில்ல நிறுத்து. சூடம் ஏத்தாம யாராவது மலை ஏறுவாங்களா?"

மச்சான் மறுபேச்சில்லாமல் நிறுத்தினார். ரோட்டை விட்டு இருபது தப்படி தள்ளி ஒரு புளியமரம், அதன் அடியில் கோயில். அண்ணியும் சாந்தியும் மச்சானை முன்னே விட்டுச் சூடம், தேங்காயோடு நடந்தார்கள். நான் டிக்கியிலிருந்த சின்ன காற்று பம்ப்பையும் மீட்டரையும் தூக்கிக்கொண்டு அவர் வண்டியிடம் ஓடினேன். பின் இடது வீலில் மீட்டரை வைத்தேன்.

முப்பத்திமூன்று. கல் மாதிரி இருக்கிறது!

"மாமா, இன்னா பண்றீங்க?" கயல் இறங்கி வந்தாள். சொன்னேன். அவள் முகத்தில் களமருதூர் வந்து போனது.

"நம்பர் பின் இடதுன்னுதான் காட்டுது. ஆனா இது நல்லாத்தான்..." என்று இழுத்தவன் நிறுத்தினேன். ஜாபர் பாய் இடம் மாற்றிப் போட்டிருக்கிறார்! என் வண்டிக்கு அந்த வீல் இன்னும் பின் இடதுதான். மச்சான் வண்டியில் அது எங்கே இருக்கிறது?

நோட்டைத் திறந்தேன். 'என் பின் இடது — மச்சான் முன் வலது.'

முன் வலதுக்கு ஓடினேன். இருபத்திநான்கு. டயரில் ஓர் ஆணியின் தலை, மூக்குத்தி மாதிரி மின்னியது. ஆணியைப் பிடுங்கினால் காற்று மொத்தமும் போய்விடும். பிடுங்காமல் மேலே மேலே அடித்தால் மேலே போய்ச் சேரும்வரை தாங்கும்... தாங்கலாம்.

சாவி வண்டியிலேயே இருந்தது. கயல் பம்ப்பின் ஒயரை லைட்டர் சாக்கெட்டில் செருகினாள். பம்ப் மிக்ஸியில் கருங்கல்லைப் போட்டது போல் அலறியது. அவள் யோசிக்கவே இல்லை — வண்டியின் பாட்டுப் பெட்டியைத் திருகினாள். பக்திப் பாட்டு மலை அடிவாரமே அதிரும்படி முழங்கியது.

இருபத்தாறு... இருபத்தொன்பது... நான் ஒரு கண்ணால் நம்பரையும், ஒரு கண்ணால் கோயிலையும் பார்த்துக்கொண்டிருந்தேன். மச்சான் மூன்று சுற்று முடித்தார். போச்சு, வந்துவிடுவார் என்று நினைத்தேன். வரவில்லை. நான்காவது சுற்று. ஐந்தாவது. ஒன்பது சுற்று சுற்றினார்! பெண்ணுக்கு நல்லது நடக்க வேண்டும் என்று எவ்வளவு பக்தி என்று எனக்கு மனசு இளகிவிட்டது. முப்பத்தாறில் பம்ப்பை நிறுத்தினேன்.

"மாமா." கயல் ஒயரைச் சுற்றிக்கொண்டே மெதுவாகச் சொன்னாள். "நீங்க பின்னாடியே வாங்க. இருபத்தஞ்சி வந்தா ஹாரன அடிச்சி நிறுத்திடுங்க. கல்யாணம் இன்னொரு தபா வரும். எனக்கு அப்பா ஒருத்தருதான்."

அதற்குப் பிறகு வெள்ளிமலை வரை நான் மச்சான் வண்டியின் வாலாகவே போனேன். நம்பர் தெரிய வேண்டுமே! வளைவுக்கு வளைவு சாந்தி கிரிக்கெட் ஸ்கோர் மாதிரி வாசித்தாள். "முப்பத்தஞ்சி... முப்பத்திநாலு... அதே முப்பத்திநாலு... ஐயோ, முப்பத்திரெண்டு." என் கை ஹாரன் மேலேயே இருந்தது. மலையைப் பார்த்தோமா, மரத்தைப் பார்த்தோமா, ஒன்றும் ஞாபகமில்லை. வெள்ளிமலையில் வண்டியை விட்டு இறங்கும்போது இருபத்தெட்டு.

"இன்னா மாப்ள, முட்டற மாதிரியே வந்துக்கினு கீறீங்க?" என்றார் மச்சான்.

"பனி மச்சான்."

பளீரென்று வெயிலடித்துக்கொண்டிருந்தது.

பையன் வீட்டில் நல்ல வரவேற்பு. வாசலில் பலா மரம், பின்னால் ஒரு கன்றுக்குட்டி. மச்சான் அடுப்படி எந்தத் திசை என்று பார்த்தார், தண்ணீர் எப்படி என்று கேட்டார், பையனிடம் தன் வீட்டு எருமைக்கு மடிநோய் என்று வைத்தியமும் கேட்டார். இலை போட்டார்கள். கேசரி, வடை, இட்லி. எல்லோரும் மச்சானையே பார்த்தார்கள். நான் மட்டும் ஜன்னல் வழியாக டயரைப் பார்த்தேன். அது கண்ணுக்குத் தெரியவே சப்பையாகிக்கொண்டிருந்தது. டயர் தரையில் உட்காருவதற்குள் மச்சான் இலையில் உட்கார வேண்டும்!

மச்சான் தொண்டையைச் செருமினார். "வழியில ஒரு தடங்கலும் இல்லீங்க. முனீஸ்வரன் நல்லபடியா கொண்டாந்து சேத்தாரு."

சொம்பை வாங்கிக் கை கழுவினார். கேசரியை எடுத்து வாயில் போட்டார்.

கயல் எதிரே கதவோரம் நின்றிருந்தாள். என்னைப் பார்த்தாள். நான் இரண்டாவது வடையைக் கேட்டு வாங்கினேன்.

சாப்பிட்டு வெளியே வந்தால், முன் வலது சுத்தமாகத் தரையோடு தரை. எல்லோரும் மூச்சைப் பிடித்தோம். மச்சான் டயரைப் பார்த்தார், சம்பந்தியைப் பார்த்தார், சிரித்தார்.

"பாத்தீங்களா, வண்டிக்கே இந்த வூட்ட வுட்டுக் கெளம்ப மனசு வரல!"

ஒரே பஞ்சர். சாப்பாட்டுக்கு முன்னால் அபசகுனம், பின்னால் சுபசகுனம். மாட்டு டாக்டர் பேண்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு அவரே ஸ்டெப்னியை மாட்டினார். மூன்று மேக் வீல், ஒரு கறுப்பு இரும்பு வீலோடு, எந்தக் கோலத்தைத் தவிர்க்க இரவல் வாங்கினாரோ அதே கோலத்தில், பரம சந்தோஷமாக மலை இறங்கினார் மச்சான்.

அன்று வீட்டுக்கு வந்து நோட்டைத் திறந்தேன். 'வழியில் தடங்கல்' என்ற கட்டத்தில் என்ன எழுதுவது? உண்மையை எழுதி, அதை மச்சான் புரட்டிப் பார்த்துவிட்டால்? வெறுமையாக விட்டேன். இத்தனை வருஷத்தில் அந்த நோட்டில் நான் விட்ட ஒரே வெற்றுக் கட்டம்.

'ஒரே ஒரு நாள்' இரவல், 'கல்யாணம் வரைக்கும் இருக்கட்டும் மாப்ள' ஆயிற்று. கல்யாணம் முடிந்து, போன வியாழக்கிழமைதான் மேக் வீல் என்னிடம் திரும்பியது. ஜாபர் பாய் மாட்டினார். ஒரு ரவுண்டு போய் வந்தேன். பதினொன்று இருபது, லைட் அணைந்தது. அதோடு கதையும் முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

மச்சான் சும்மா இருக்காமல் கேட்டார். "அது எப்பிடி பாய், வீல மாத்துனவொடன லைட்டு அணைஞ்சிடுச்சி?"

"சார் வண்டிக்கு இந்த நாலு வீலோட கொரல மட்டும்தாங்க தெரியும். அது எந்த வண்டில இருந்தாலும், கிட்ட வந்தா கேட்டுடும்."

"என் வண்டில இருந்தப்பவுமா?"

"ஆமாங்க. சாரு பின்னாடியே வந்திருந்தா, உங்க டயர்ல காத்து கம்மியானா இவருக்குத் தெரிஞ்சிருக்கும்."

நான் கம்ப்ரஸரை ஆராயத் தொடங்கினேன். மச்சான் என் பக்கம் திரும்பினார்.

"மலைக்குப் போனப்ப உங்களுக்குக் கேட்டுச்சா மாப்ள?"

"கேட்டுச்சு மச்சான்."

அவர் தோள் குலுங்க ஆரம்பித்தது. சிரிக்கிறார்!

"எனக்குக் கையிலயே தெரிஞ்சிது மாப்ள. அணைகிட்ட வரும்போதே ஸ்டியரிங்கு வலப்பக்கமா இழுத்துக்கினு வந்திச்சி. எங்க நிறுத்தறது, இன்னா சொல்லி நிறுத்தறதுன்னு முழிச்சிக்கினு வந்தேன். நல்லவேள, தங்கச்சி போன் பண்ணிச்சி."

"அப்போ கோயில்ல ஒன்பது சுத்து?"

"மூணு முடிச்சிட்டுப் பாத்தா, நீங்க டயராண்ட குந்திக்கினு கீறீங்க. முடியட்டும்னு சுத்துனேன். ரெண்டு நாளு முட்டி வலி எனக்கு."

"களமருதூர் அன்னிக்கு மட்டும் ஏன் மச்சான் திருப்பினீங்க?"

"அந்தப் பையன எனக்குப் புடிக்கல. டயரு வெடிச்சிது, சாக்கு கெடச்சிது." கொஞ்சம் நிறுத்தினார். "இவர அவளுக்குப் புடிச்சிருந்திச்சி மாப்ள. கண்ணாடில அவ மூஞ்சியப் பாத்தேன். ஸ்டியரிங்கக் கெட்டியாப் புடிச்சிக்கினேன்."

நான் நோட்டை எடுத்தேன். வெற்றுக் கட்டம் அப்படியே இருந்தது. "ஸ்டியரிங் இழுக்க ஆரம்பிச்சப்போ மணி என்ன இருக்கும் மச்சான்?"

"இத்தையுமா எழுதப் போறீங்க?" தலையில் அடித்துக்கொண்டார். "எழுதுங்க, எழுதுங்க. கயலுக்கு மட்டும் தெரிய வேணாம். அப்பன நல்லா ஏமாத்திட்டோம்னு அவ சந்தோஷமா கீறா. அப்பிடியே இருக்கட்டும்."

சத்தியமாகச் சொல்லமாட்டேன் என்று தலையாட்டிவிட்டு வந்து, இதோ உங்களிடம் மட்டும் சொல்லிவிட்டேன்.

ஆசிரியர் அவர்களே — இந்த வாரம் மட்டும் வெள்ளிமலைக்குப் பத்திரிகை அனுப்பாமல் இருக்க ஏதாவது வழி உண்டா?